ஊரெல்லாம் ஒரே செடி

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை உள்ள அடுக்ககங்களில் மணிபிளாண்ட் இல்லாத வீடு குறைவு. காபிப் பாட்டிலிலும் மீன்தொட்டி மேலும் பால்கனிக் கம்பியிலும் அது தொங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் எண்ணினால் எத்தனை செடி தேறும் என்று யாராவது கேட்டால், ஒன்று என்பேன், மிஞ்சிப்போனால் நாலைந்து. அந்தக் கொடி பூப்பதே இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்ற ஊக்கியை அதனால் செய்துகொள்ள முடியவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியிலிருந்து அதைத் தெளித்தபோது பூத்தது. பூ இல்லையென்றால் விதை ஏது? ஒரு வீட்டில் கணு பார்த்துக் கிள்ளி, அடுத்த வீட்டில் தண்ணீரில் போட்டு, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குக் கிள்ளி என்றே உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பதும் என் நர்சரியில் இருப்பதும் வேர் மட்டும் தனித்தனியான ஒரே உயிர்.

இதைப் பள்ளிப் புத்தகம் பாலிலா இனப்பெருக்கம் என்கிறது. மகரந்தம், சூல், காய், விதை என்ற சுற்றுவழி எதுவும் இல்லாமல், தண்டோ வேரோ இலையோ கிழங்கோ, உடம்பின் ஒரு துண்டே முழுச் செடி ஆகிவிடுவது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ‘புராஜெக்ட்’ என்று ரணகள்ளி இலை கேட்டு வருவார்கள். ஈர மண்மேல் அந்த இலையைக் கிடத்தினால் விளிம்புப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். பறித்துக் கொடுத்தனுப்புவேன். ஆனால் ரணகள்ளியைப் பார்த்து எங்கள் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்கு மனிதன் வேண்டியதில்லை, கீழே விழுந்தாலே முளைத்துக்கொள்ளும். தானாகச் செய்யாத செடியைச் செய்யவைப்பதுதான் எங்கள் வேலை. அதில் முக்கால் பங்கு கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே முடிந்துவிடும். எந்தச் செடியிலிருந்து வெட்டப்போகிறோம் என்பதுதான் அந்த முக்கால் பங்கு.

மாடம்பாக்கம் பக்கம் சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வாங்கி விற்பது பாதி, நானே போட்டு எடுப்பது பாதி. வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது மல்லி. “அண்ணா, எங்கம்மா வீட்ல இருந்த அதே மல்லி வருமா?” என்று கேட்ட பெண்ணிடம், “அம்மா வீட்டுச் செடியில ஒரு குச்சி ஒடிச்சிட்டு வாம்மா, வேற மல்லி வரவே வராது” என்றேன். குண்டுமல்லி நம் ஊரில் காய்ப்பதில்லை. நம் தலையில் ஏறிய மல்லி எல்லாம் பதியத்திலும் குச்சியிலும் வந்தவை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாற்று பெரும்பாலும் மதுரையில் உருவாவதில்லை. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்து மணலில் வேர்விட்டு, கட்டுக் கட்டாக நாடெங்கும் போகிறது. மதுரை மண்ணும் வெயிலும் மணத்தைக் கூட்டலாம். செடி என்னவோ தீவில் வேர் பிடித்ததுதான்.

கார்த்திகைக் கடைசியில் மல்லியைக் கவாத்து செய்வார்கள். வெட்டிய குச்சிகளைப் பலர் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதில் பென்சில் பருமன் குச்சிகளாகப் பொறுக்கினாலே ஒரு தெருவுக்கு மல்லி கொடுக்கலாம்.

குச்சி பொறுக்குவதற்குக் கண் பழக வேண்டும். நுனியில் இருக்கும் பச்சைத் தண்டு இரண்டு நாளில் அழுகும். அடியில் இருக்கும் முற்றிய மரத்தில் சரக்கு இருக்கும், ஆனால் வேர்விட மனம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில், வளைத்தால் வளைந்து, இன்னும் கொஞ்சம் வளைத்தால் ‘டக்’ என்று ஒடியும் பதம் ஒன்று உண்டு. அதுதான் வேண்டும். மொட்டு இருக்கும் கிளையைத் தொடுவதில்லை. அது பூக்கும் நினைப்பிலேயே இருக்கும், வேருக்குச் செலவு செய்யாது. காலையில் தண்டு நீரேறி இருக்கும்போது வெட்டுவேன். கணுவுக்கு ஒட்டினாற்போல் கீழே சாய்வாக ஒரு வெட்டு, மேலே நேராக ஒரு வெட்டு. சாய்வாக வெட்டினால் பரப்பு அதிகம், அதனால் வேர் அதிகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். என்னைக் கேட்டால் பெரிய லாபம் வேறு: ஒரு கூடை குச்சியை ஒரு பையன் கையில் கொடுத்தால், எது தலை, எது கால் என்று அவன் கேட்க வேண்டியதில்லை.

தலைகீழாக நட்டால் என்ன என்று கேட்பார்கள். துண்டு எவ்வளவு சிறியதானாலும் அதற்கு மேல் கீழ் மறப்பதில்லை. நுனித் தளிரில் ஊறும் ஆக்சின் என்ற ஊக்கி, தண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் நகரும். வெட்டியதும் போக வழி இல்லாமல் அடிமுனையில் தேங்குகிறது. அங்கே காயம் ஆறி மேடு தட்டி, அந்த மேட்டுக்குப் பக்கத்திலிருந்து வேர் கிளம்புகிறது. இலையை முழுக்க உருவிவிட்டால் ஊக்கியும் சர்க்கரையும் நின்றுபோகும். முழு இலையும் விட்டுவைத்தால் வேர் இல்லாத குச்சி அத்தனை நீருக்கு எங்கே போகும்? அதனால்தான் நுனியில் இரண்டு இலையை நிறுத்தி, அவற்றையும் பாதியாகக் கத்தரிக்கிறோம்.

இந்த ஆக்சினை 1930களில் ஹாலந்தில் ஆராய்ச்சியாளர்கள் மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இப்போது நாங்கள் தொட்டு நடும் பொடியில் இருப்பது அதன் நெருங்கிய உறவான, சீக்கிரம் சிதையாத இண்டோல் பியூட்ரிக் அமிலம். மல்லிக்கும் நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் அது தேவையே இல்லை. போகன்வில்லாவின் சில ரகங்களுக்கும், பிடிவாதம் பிடிக்கும் சில செம்பருத்திக்கும் உதவுகிறது. தேன், பட்டைத்தூள், கற்றாழைச் சோறு என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களை நான் தடுப்பதில்லை. பட்டைத்தூள் பூஞ்சைக்குக் கொஞ்சம் நல்லது. இளநீரில் ஊறவைப்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வேன். 1941இல் வான் ஓவர்பீக்கும் அவருடன் இருந்தவர்களும் ஊமத்தையின் இளங்கருவை இளநீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டியதிலிருந்து, திசு வளர்ப்பு ஆய்வகங்களில் இளநீருக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அதன் பேர்போன சரக்கு சைட்டோகைனின். அது தளிரைத் தூண்டுவது. வேர் வேண்டிய இடத்தில் தளிரைத் தூண்டிவிட்டு என்ன பயன்? இளநீரை நீங்கள் குடித்துவிடுங்கள் என்பேன்.

தளிர் என்றதும் சொல்ல வேண்டியது: தளிர் பொய் சொல்லும். நட்ட பத்து நாளில் துளிர் விட்டதும், “பிடிச்சிருச்சு” என்று சந்தோஷப்பட்டுக் கவரைக் கிழித்துத் தொட்டியில் மாற்றுகிறவர்கள் அதிகம். குச்சிக்குள் இருந்த மாவுச்சத்தைச் செலவழித்து, வேர் இல்லாமலேயே இரண்டு இலை விட முடியும். சரக்குத் தீர்ந்ததும் தலை தொங்கும். கவரின் ஓட்டையில் வெள்ளை வேர் நுனி தெரியும் வரைக்கும் கை வைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் ஒரு வேலை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சொன்னது. தாம்பரத்தில் ஆடி மாதம் குச்சிக்கு ஆகாது. மேல்காற்று வறட்டி எடுத்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் நிழல்வலைக்குள் கூட இலை சுருளும். எங்களுக்கு வாய்த்தது ஐப்பசியும் கார்த்திகையும்தான். வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். தெளிப்பான் போடாமலேயே குச்சி பிழைக்கும். ஆனால் அதே மழைதான் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரில் அடையாற்றைத் தெருவுக்குள் கொண்டுவந்தது. தாழ்வான இடத்தில் பாத்தி போட்டவர்களுக்கு அந்த ஆண்டு கன்று இல்லை. வேர் பிடிக்க ஈரம் வேண்டும், அதைவிடக் காற்று வேண்டும். மூச்சு முட்டினால் அடி கறுத்துவிடும்.

இங்கே மேட்டுப் பகுதியில் கிடைப்பது சரளை கலந்த செம்மண், பள்ளிக்கரணைப் பக்கம் போனால் களி. இரண்டிலும் அப்படியே நட முடியாது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று என்பது பழைய கணக்கு. அது வளரும் செடிக்கு. வேர்விடும் குச்சிக்கு எருவே வேண்டாம். வெறும் மணலும் தென்னைநார்க் கழிவும் போதும். ஆற்று மணல் இன்று தங்கம். எம்-சாண்டைப் போட்டால் அதில் இருக்கும் கல் மாவு, தண்ணீர் பட்டதும் சிமெண்டு மாதிரி இறுகும். பல தடவை அலசி மாவு போன பிறகே அதைத் தொடலாம்.

விரல் பருமன் குச்சி ஒரு கதை, கைப்பருமன் போத்து வேறு கதை. முருங்கையை முழங்கை நீளத்துக்கும் மேலாகப் போத்தாக வெட்டி நட்டு, தலையில் ஒரு சாணி உருண்டையை அப்பிவைப்பார்கள். மேல்வெட்டு காயாமலும் நீர் இறங்காமலும் இருக்க அது போதும். 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்.1 என்ற செடி முருங்கையை வெளியிட்ட பிறகு விதை முருங்கை ஊரெல்லாம் வந்துவிட்டது. ஆறு மாதத்தில் காய் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனாலும் வீட்டுக்கு ஒரு மரம் என்றால் நான் போத்தைத்தான் சொல்வேன். எந்த மரத்தின் காய் சாம்பாரில் வெந்தால் சதை கழன்று வரும், எதன் காய் நாராகும் என்று தெருவுக்கே தெரியும். அந்தத் தெரிந்த மரத்தில் வெட்டியது அந்த மரமாகவே வரும்.

கிளுவை, பூவரசு, ஒதியன், கல்யாண முருங்கை எல்லாம் இந்த வகை. மனைகளாகப் பிரிப்பதற்கு முன்னால் சேலையூர், அகரம்தென் பக்கம் தோட்டங்களுக்குக் கிளுவைதான் வேலி. வேலிக்கு ஊன்றிய கம்பே மரமாகிவிடும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கடந்துபோனபோது சென்னையின் தென்புறத்தில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவே மொட்டையானது. மறுநாள் எல்லோரும் ரம்பத்தோடு வந்தார்கள். நானும் ரம்பத்தோடுதான் போனேன், ஆனால் விறகுக்கு இல்லை. மார்கழி ஈரத்தில் ஊன்றிய பூவரசுக் கிளைகள் சித்திரைக்குள் நிழல் கொடுத்தன. விழுந்த தூங்குமூஞ்சி, குல்மொஹர் கிளைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எந்த மரம் வெட்டுண்டும் வரும், எது வராது என்ற பட்டியல் பழைய தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

இந்தத் தொழிலில் என்னை இன்னும் வியக்கவைப்பது செடியின் ஞாபகம். மிளகுக் கொடியில் மேலே ஏறும் தண்டை நட்டால் அது கொடியாக ஏறும். காய் பிடிக்கும் பக்கக் கிளையை நட்டால், எந்த மரத்தைக் காட்டினாலும் ஏறாது. தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். மாடி வீட்டுக்காரர்கள் விரும்பி வாங்கும் புதர் மிளகு இதுதான். இரண்டும் ஒரே செடி, ஒரே மரபணு. ஆனால் தான் யாராக இருந்தோம் என்பதைத் துண்டு மறக்கவில்லை. டிசம்பரில் தாம்பரத்தில் நன்றாக விற்கும் கிறிஸ்துமஸ் மரம், அதாவது அரௌகாரியா, இதில் இன்னும் மோசம். பக்கக் கிளையை நட்டால் வேர்விடும், பல ஆண்டு வாழும், ஆனால் நிமிராது. படுத்தவாக்கில் பக்கவாட்டிலேயே வளரும். உச்சிக் குருத்தை வெட்டினால்தான் நேராக நிற்கும் மரம். ஒரு மரத்துக்கு ஓர் உச்சிதான். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, “அண்ணே, இது ஏன் சாயுது?” என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

பாம்புச் செடி வேறு பாடம் சொல்லும். இலை ஓரம் மஞ்சள் பட்டை போட்ட ரகத்தின் இலையைத் துண்டாக்கி நட்டால் வேர் வரும், குட்டியும் வரும். குட்டியில் மஞ்சள் இருக்காது, வெறும் பச்சை. அந்த இலையில் இரண்டு வகைத் திசு அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழ்கிறது. குட்டி கிளம்புவது உள்ளே இருக்கும் பச்சை அடுக்கிலிருந்து. பட்டை வேண்டுமென்றால் அடிக் கிழங்கோடு பிரித்துத்தான் வைக்க வேண்டும். இலைத் துண்டில் பல மடங்கு கன்று கிடைக்கும்தான். அப்படி எடுத்த பச்சைக் குட்டியை மஞ்சள் பட்டை என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. பெரிதானால் மஞ்சள் வரும் என்பார்கள். வராது.

தோசைக்குப் பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் விடுகிறோம். நல்ல புளிப்பு தொடர்வது போலவே, கெட்டுப்போன மாவென்றால் அந்தக் கெடுதலும் தொடரும். துண்டு போடுவதும் அப்படித்தான். தாய்ச்செடியின் நல்லதை மட்டும் பிரித்து எடுக்கும் கத்தி இல்லை. விதை பெரும்பாலான வைரஸ்களை வடிகட்டிவிடும், குச்சி வடிகட்டாது. வாழையில் இதைத் தமிழ்நாடு பார்த்தது. நாம் தின்னும் வாழை பெரும்பாலும் மூன்று குரோமோசோம் தொகுதி கொண்டது. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாததால் விதை இல்லை; பக்கக் கன்றுதான் வழி. கீழ்ப்பழநி மலையிலும் சிறுமலையிலும் விளைந்த விருப்பாட்சி, பழநிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் வாழை. இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து நோய் வந்தபோது, அசுவினிப் பூச்சி ஒரு பக்கம் பரப்பியது. மறுபக்கம் மனிதர்களே கன்று மாற்றிக்கொண்டு பரப்பினார்கள். பார்க்க நன்றாக இருந்த கன்றுக்குள்ளும் வைரஸ் இருந்தது. தோட்டம் தோட்டமாகப் போயிற்று. பிறகு வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுதான் அந்த ரகத்தை மீட்டார்கள். ரஸ்தாளியை வாடல் நோய் இன்றும் விடவில்லை. வெளிநாட்டில் குரோ மிஷல் என்ற ரகம் 1950களில் வணிகத்திலிருந்தே ஒழிந்ததும் அதே கிருமியின் வகையால். தோட்டம் முழுக்க ஒரே உயிர் என்றால், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும்.

வாழைக் கன்று வாங்கும்போது இலை அகலமாகப் பச்சைப் பசேல் என்று இருப்பதைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். அது நீர்க்கன்று, கிழங்கு சிறுத்திருக்கும், தாயோடு ஒட்டு பலமாக இருக்காது. ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு, அடி பருத்து நிற்பதுதான் வேண்டியது. அது அழகாக இருக்காது. நர்சரியில் அழகைப் பார்த்து வாங்கக் கூடாத முதல் செடி வாழை.

தாயின் நோயும் துண்டோடு வரும் என்பதால் என் தாய்ச்செடிகளைத் தனிப் பாத்தியில் வைத்திருக்கிறேன். அவை விற்பனைக்கு இல்லை. ஓர் ஆண்டு முழுக்க, பூக்கும் காலம் காய்க்கும் காலம் இரண்டையும் பார்த்த பிறகே ஒரு செடி அந்தப் பாத்திக்குப் போகும். இலையில் மஞ்சள் திட்டு விழுந்தால், மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வந்தால் அது பாத்தியை விட்டு வெளியேற வேண்டியதுதான். வெட்டும் கத்தியை ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஸ்பிரிட்டில் துடைக்கச் சொன்னால் வேலைக்கு வரும் பையன்கள் சிரிக்கிறார்கள். மருத்துவமனையில் ஊசியை மாற்றுகிறார்களே, அது எதற்கு என்று கேட்டால் சிரிப்பு நிற்கும்.

துண்டு போடுகிறவனால் புதியது எதையும் உண்டாக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பொங்கலுக்குத் தாம்பரம் சந்தையில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும் கரும்பைக் கரணை போட்டுத்தான் பயிர் செய்கிறார்கள். ஆனால் கரணை மட்டுமே போட்டிருந்தால் வட இந்தியாவில் இன்றைய கரும்பு இல்லை. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பரும் வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற கரும்பைக் காட்டு நாணலோடு மகரந்தம் சேர்த்து, பூவிலிருந்து விதை எடுத்தார்கள். 1918இல் கோ 205 வந்தது. விதையில் ஒரே ஒரு தடவை புதிதாகப் பிறந்தது, பிறகு கரணையில் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. டெல்லிக் கனகாம்பரமும் அப்படியே. மும்மடிக் குரோமோசோம் கொண்ட அதில் விதை இல்லை, நுனிக் குச்சிதான். நம் ஊர்ப் பழைய கனகாம்பரம் வெடித்துத் தெறித்து முளைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விற்பது என்னவோ டெல்லிதான்.

மனிதன் கை படாமல் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்குப் போகலாம். 1937இல் நகரத்திலிருந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்த கல்லூரி அது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸும் அங்கே நட்ட மரங்களைப் பற்றி ஊரில் இன்றும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது யாரும் நடாத புதர்க்காடு. நிழலில் மருள் தன் கிழங்கை ஊர்ந்து அனுப்பிக் கூட்டமாக நிற்கும். பிரண்டை கணுக்கணுவாக ஒடிந்து விழுந்த இடத்திலெல்லாம் வேரூன்றியிருக்கும். ஒரு துண்டைக் கிள்ளி வந்து இரண்டு நாள் காயவைத்து நட்டால் துவையலுக்கு ஆயிற்று; பாலும் சாறும் உள்ள துண்டுகளை அப்படிக் காயவிட்டே நட வேண்டும், பச்சைக் காயத்தோடு நட்டால் அழுகும்.

திருமண வாழ்த்தில் ஆலையும் அருகையும் மூங்கிலையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. மூன்றும் விதையை நம்பாமல் பரவத் தெரிந்தவை என்பதைத் தொழிலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அருகு மண்மேல் ஓடும் தண்டால், மூங்கில் மண்ணுக்குள் ஓடும் கிழங்கால், ஆல் விழுதால். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடுத்தண்டு 1989 புயலில் சாய்ந்தது. மரம் சாகவில்லை, விழுதுகளின் மேல் நிற்கிறது. வாழ்த்துவதற்கு இது சரி. ஆனால் இதே திறமைதான் கோரைக்கும் இருக்கிறது. என் கவர்களில் கோரை வந்தால் மேலே பிடுங்கிப் பயனில்லை. சங்கிலி கோத்தாற்போல் கீழே கிழங்கு கிழங்காகப் போகும், ஒன்று தப்பினால் மறுபடி கூட்டம். பீர்க்கங்கரணை, சேலையூர் ஏரிகளில் ஆகாயத்தாமரை செய்வதும் இதைத்தான். ஏற்ற சூழலில் ஓரிரு வாரத்தில் இரட்டிப்பாகும். அள்ளிப் போடும் இயந்திரம் கரைக்கு வரும்போது பின்னால் இருபது துண்டுகள் மிதக்கும். ஒவ்வொன்றும் ஒரு முழுச் செடி.

இப்போது எனக்கு வரும் வேலையில் பாதி, இடிக்கப்போகும் வீடுகளிலிருந்து வருகிறது. சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கிழக்குத் தாம்பரம் பக்கம் தனி வீடுகளைப் பில்டரிடம் கொடுத்து அடுக்ககமாக்குகிறார்கள். சாமான்களையெல்லாம் ஏற்றிய பிறகு கடைசியாக ஞாபகம் வருவது மாமரம். “தாத்தா வச்சதுங்க, எப்படியாவது காப்பாத்திக் குடுங்க” என்று ஜேசிபி வரும் வாரத்தில் வருகிறார்கள். கொட்டையை எடுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கொட்டையில் வருவது பெரும்பாலும் அந்த மரத்தின் பிள்ளை, அந்த மரமே அல்ல. அப்பா எந்தத் தெருவிலிருந்தோ ஈ கொண்டுவந்த மகரந்தம். மாவில் ஒரு விசித்திரம், மேற்குக் கடற்கரையில் ஒலூர், சந்திரக்காரன் போன்ற ரகங்களில் ஒரே கொட்டையில் பல முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல் தாயின் திசுவிலிருந்து நேராக வந்தவை. விதை போல வந்த குச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பங்கனப்பள்ளிக்கும் நீலத்துக்கும் அந்தக் குணம் இல்லை.

மாமரத்தைக் காப்பாற்றக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் செய்வது ஒட்டு. முன்பெல்லாம் தொட்டிக் கன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு தண்டிலும் பட்டை சீவிச் சேர்த்துக் கட்டி, ஒட்டும்வரை இரண்டு மூன்று மாதம் நீர் ஊற்றுவார்கள். வீடு இடிக்கும்போது அதற்கு ஏது காலம்? இப்போது மரத்தில் பென்சில் பருமன் கிளைகளைப் பார்த்து, இலைகளைக் காம்பு மட்டும் விட்டுக் கத்தரித்துவிட்டு வருவேன். ஒரு வாரம் பத்து நாளில் நுனிமொட்டு புடைக்கும். அப்போது வெட்டி, அடியை ஆப்பு போல் சீவி, நாட்டுக்கன்றின் இளந்தண்டைப் பிளந்து அதில் செருகுவேன். இரண்டின் பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய பச்சை அடுக்கு, கேம்பியம், ஒரு பக்கமாவது ஒன்றையொன்று தொட வேண்டும். நாடா இறுகச் சுற்றி, குச்சி ஐஸ் போடும் நீள உறையைத் தலையில் மாட்டிவிட்டால் உள்ளே ஈரம் நிற்கும். ஆனி, ஆடி, ஆவணியில் நன்றாகப் பிடிக்கும். மூன்றாம் நான்காம் ஆண்டு பூக்கும். கிளைக்கு வயது ஏற்கெனவே ஆகிவிட்டதால் அது சின்னப் பிள்ளையாக இருந்து தொடங்குவதில்லை. பிஞ்சு விட்டாலும் முதல் இரண்டு காய்ப்பைக் கிள்ளிவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். யாரும் கிள்ளுவதில்லை.

கொய்யா, மாதுளை, எலுமிச்சை என்றால் விண்பதியம். கிளையில் ஒரு விரற்கடை அளவு பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்புப் போகச் சுரண்டி, ஈரமான நார்க்கழிவை வைத்துப் பாலித்தீனில் கட்ட வேண்டும். தண்ணீர் உள்ளே மரத்தின் வழியாக ஏறிக்கொண்டிருக்கும், இறங்கும் சர்க்கரையும் ஊக்கியும் வளையத்தில் தடைபட்டுத் தேங்கும். வேர் அங்கேயே வரும். இரண்டு மாதம் அவகாசம் வேண்டும். மல்லிக்கும் செம்பருத்திக்கும் ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். இதனால்தான் பில்டரிடம் கையெழுத்துப் போடும் அன்றைக்கே எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைக்கிறேன்.

கிணற்றடித் தென்னையைக் கேட்கிறவர்களுக்கு மட்டும் என்னால் ஆவது ஒன்றுமில்லை. அதற்குக் குருத்து ஒன்று, கிளை இல்லை, ஒட்டுப் போடக் கேம்பியமும் இல்லை. 2021இல் பெல்ஜியத்து ஆய்வகமொன்றில் தென்னையின் தளிரைப் பல தளிர்களாகக் கிளைக்கவைத்துக் காட்டினார்கள். அது மாடம்பாக்கம் வந்து சேர இன்னும் காலம் இருக்கிறது. நன்றாக முற்றிய நெற்றுகளை இறக்கி மணலில் பதித்து வையுங்கள் என்கிறேன். நெட்டை ரகம் என்றால் காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டு ஆகும். அதற்குள் புது அடுக்ககத்துக்கு ஒரு தடவை மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்கள்.